எதிர் வீட்டுக்கு ரெண்டாயிரம், உங்களுக்கு ஏன் நாலாயிரம்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

ஏப்ரல், மே கரண்ட் பில் வந்துவிட்டது என்று கடைக்கு வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. ஹோல்டர் வாங்க வருகிறவர், இன்சுலேஷன் டேப் வாங்க வருகிறவர், எல்லாரும் காசு கொடுத்துவிட்டுப் போனை எடுத்துக் காட்டுகிறார்கள். "எதிர் வீட்டிலும் ஒரு ஏசிதான் சார், அவங்களுக்கு ரெண்டாயிரத்துக்குள்ள, எங்களுக்கு நாலாயிரம் கிட்ட. மீட்டர்தான் ஓடுது போல?" கல்லாவில் நின்றபடி பாதிப் பதில் சொல்லி அனுப்பி வைப்பதை விட, ஒரு தடவை உட்கார்ந்து முழுதாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முதலில், ரூபாயோடு ரூபாயை ஒப்பிடாதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள், முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 2022 செப்டம்பரில் வந்த வீதத்தை வைத்தே சொல்கிறேன், அப்புறம் அதில் சில காசுகள் கூடியிருக்கின்றன, ஆனால் அந்த எண்கள் மனக்கணக்குக்கு வசதியானவை. மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25, 201 முதல் 400 வரை 4.50, அடுத்த நூறுக்கு 6 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501-ஆவது யூனிட் ஓடிவிட்டால் அந்த 2.25 சலுகை போய்விடும், 101-லிருந்தே 4.50 என்று கணக்கு மாறும், 500-க்கு மேல் ஓடியதற்கு யூனிட்டுக்கு 8. மொத்தம் 1,958. அதாவது அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 600 தாண்டினால் 9, 800 தாண்டினால் 10, ஆயிரம் தாண்டினால் 11.

இதனால்தான் 350 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 900 ரூபாயும் 700 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 3,650 ரூபாயும் வருகிறது. யூனிட் ரெண்டு மடங்கு, பில் நாலு மடங்கு. எதிர் வீட்டுக்காரர் 500-ல் நின்றுவிட்டார், நீங்கள் 700 போய்விட்டீர்கள், அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்த 200 யூனிட்டை 60 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு மூணேகால் யூனிட். பிள்ளைகளுக்கு லீவு, மதியம் ரெண்டு மூன்று மணி நேரம் ஏசி கூடுதலாக ஓடினது, முடிந்தது கதை. ரீடிங் எடுக்க வருபவர் நாலைந்து நாள் தள்ளி வந்தாலும் 490-ல் நின்றிருக்க வேண்டியது 520 ஆகிவிடும், அதனால் கடைசித் தேதிகளில் நீங்களே மீட்டரைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒப்பிடுவதாக இருந்தால் பக்கத்து வீட்டை விடுங்கள், போன வருஷம் இதே ரெண்டு மாதத்தில் நீங்கள் எத்தனை யூனிட் ஓட்டினீர்கள் என்று ஈபி கார்டிலோ பழைய மெசேஜிலோ தேடிப் பாருங்கள். அக்னி நட்சத்திர மாதத்தை மார்கழியோடு ஒப்பிட்டு அலறுவதில் அர்த்தமில்லை. போன கோடையை விட நூறு யூனிட்டுக்கு மேல் கூடியிருந்தால், வீட்டில் புதிதாக ஏதோ ஓடுகிறது அல்லது பழையது ஏதோ கெட்டுப்போயிருக்கிறது.

எதை முதலில் சந்தேகப்படுவது? கடைக்கு வருகிற பலர் கிரைண்டர் மேலும் மிக்ஸி மேலும்தான் பழி போடுகிறார்கள், அவை சத்தம் போடுகின்றன, அதனால். 150 வாட் கிரைண்டர் முக்கால் மணி நேரம் மாவாட்டினால் பத்தில் ஒரு பங்கு யூனிட் சுமாருக்குத்தான் ஆகிறது. 750 வாட் மிக்ஸி ஓடுவது ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், இதில் வாட்டை மட்டும் பார்த்துப் பயந்து மணி நேரத்தை மறந்துவிடுகிறோம். ரெண்டு மாதத்தில் 1,440 மணி நேரம் இருக்கிறது. ஆகவே ராத்திரி பகல் நிற்காமல் இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் ஒரு பில்லுக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட். டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டு அப்படியே விடும் செட்டாப் பாக்ஸ் 12 வாட் இழுத்தால் 17 யூனிட். பூஜை அறையில் எரியும் ஜீரோ வாட் குண்டு பல்பு இருக்கிறதே, பெயரில்தான் ஜீரோ, பழைய இழை பல்பாக இருந்தால் 12, 15 வாட் தின்னும். அரை வாட் எல்இடி மாட்டினால் போதும்.

ஃபேன் விஷயத்துக்கு வருவோம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் ரெண்டு மாதத்தில் 67 யூனிட். பிஎல்டிசி என்று வரும் புது வகை, கம்மி கரண்ட் ஃபேன் 30 வாட் சுமார், அதே ஓட்டத்துக்கு 27 யூனிட். ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். இதைச் சொன்னவுடன் "வீட்டில் இருக்கிற அஞ்சையும் மாத்திடலாமா" என்பார்கள். வேண்டாம் என்றுதான் சொல்வோம் (எங்கள் வீட்டம்மா இதைப் படித்தால் கடை உருப்படுமா என்று கேட்பார்). மிச்சம் பிடிக்கும் யூனிட் எப்போதும் மேல் படியிலிருந்துதான் குறையும். 750 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு அந்த 40 யூனிட் 360 ரூபாய், ஃபேன் விலை ஒன்றரை ரெண்டு வருஷத்தில் திரும்பிவிடும். 180 யூனிட் ஓட்டும் பாட்டி வீட்டுக்கு அதே 40 யூனிட் 90 ரூபாய்தான், இருக்கிற ஃபேன் நன்றாக ஓடினால் ஓடட்டும். மாற்றுவதாக இருந்தாலும் ஹால் ஃபேனையும் பெட்ரூம் ஃபேனையும் மாற்றுங்கள், விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றும் அறையைத் தொடவே வேண்டாம். அதோடு, இன்னும் அந்தக் காலத்துப் பெரிய பெட்டி ரெகுலேட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். அதில் ஒன்றாம் நம்பரில் வைத்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், மிச்சக் கரண்ட் பெட்டிக்குள் சூடாகப் போய்விடும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் விலை கம்மி, அதை மாற்றிவிடலாம்.

ஏசியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 16-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்கிற நம்பிக்கை இன்னும் போகவில்லை. சாதாரண ஏசியில் 16-ல் வைத்தாலும் 24-ல் வைத்தாலும் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும், 16 என்றால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது ஸ்டார் ஸ்டிக்கர் கொடுக்கும் மத்திய அரசு அமைப்பு, 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகள் ஆன் செய்ததும் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. அந்த ஸ்டிக்கரில் வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று எழுதியிருப்பது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. தினம் எட்டு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு வருஷத்துக்கு 2,920 மணி நேரம் ஆகிவிடும், அதனால் ஸ்டிக்கர் எண்ணை அப்படியே நம்பிவிட்டு அப்புறம் எங்களிடம் சண்டைக்கு வராதீர்கள். அப்புறம், மேல் தளத்து வீட்டையும் கீழ்த் தளத்து வீட்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டை மாடித் தளம் ராத்திரி பத்து மணி வரை அறைக்குள் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும், அதே ஏசி, அதே 24, ஆனாலும் மேல் வீட்டு யூனிட் கூடத்தான் வரும். தளத்துக்கு வெள்ளைக் கூலிங் பெயின்ட் அடித்தால் கொஞ்சம் குறையும். ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவதற்கு எங்கள் ஆள் வர வேண்டியதே இல்லை, நீங்களே குழாயடியில் காட்டிக் காயவைத்து மாட்டலாம்.

ஃப்ரிட்ஜுக்கு ஒரு சோதனை: பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வழுக்கி வந்தால் கதவு ரப்பர் போய்விட்டது. மோட்டார் நிற்காமல் முனகுகிற பழைய ஃப்ரிட்ஜ் தினம் ரெண்டு யூனிட் சாப்பிடும், ரெண்டு மாதத்தில் அதற்கே 120. வாட்டர் ஹீட்டரில் உப்பு படிந்தால் கரண்ட் அதிகம் இழுக்கும் என்பார்கள், அப்படிப் பெரிதாக ஒன்றும் இழுக்காது, எலிமென்ட்தான் சீக்கிரம் எரிந்துபோகும். 15 லிட்டர் தண்ணீர் ஒரு தடவை காய அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் ஆகும், அதனால் நாலு பேரும் அடுத்தடுத்துக் குளித்துவிட்டு அணைத்துவிடுங்கள், காலையிலிருந்து மாலை வரை போட்டு வைக்காதீர்கள்.

தண்ணீர் மோட்டாரை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஒரு யூனிட் கிட்ட எடுக்கும். போன வருஷம் அரை மணியில் நிரம்பிய டேங்குக்கு இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் போர்வெல்லில் தண்ணீர் இறங்கியிருக்கலாம், குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு ஒழுகலாம், கண்டென்சர் சோர்ந்திருக்கலாம். கழிப்பறை ஃப்ளஷ் டேங்கில் சத்தமில்லாமல் ஒழுகுகிற தண்ணீரும் கரண்ட் பில்லில்தான் வந்து விழும். இன்வெர்ட்டர் பேட்டரியும் அப்படித்தான், ஆயுள் முடிந்த பேட்டரி முழு சார்ஜ் ஆகவே ஆகாது, சார்ஜர் ராத்திரி பகலாக ஊட்டிக்கொண்டே இருக்கும். கரண்ட் போகாத நாளிலும் பேட்டரி தொட்டால் சுடுகிறது என்றால் எங்களுக்குச் சொல்லுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் பில் உதைத்தால், மீட்டரையே பார்க்கலாம். எலக்ட்ரானிக் மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண் அச்சாகியிருக்கும், அத்தனை தடவை மினுக்கினால் ஒரு யூனிட் என்று பொருள். ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட வீட்டில் எல்லா சுவிட்சையும் அணையுங்கள், மெயின் சுவிட்சை மட்டும் இறக்க வேண்டாம். இப்போது விளக்கு மினுக்கவே கூடாது. 3200 மீட்டரில் நிமிஷத்துக்கு நாலு தடவை மினுக்கினால் எங்கேயோ 75 வாட் போய்க்கொண்டிருக்கிறது. அது நிற்காமல் போனால் ஒரு பில்லுக்கு 108 யூனிட், அரசு தரும் இலவச நூறு அதிலேயே காலி. அடுத்து மெயினையும் இறக்குங்கள். அப்போதும் மினுக்கினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் கசிவோ வேறு யாருடைய வயரோ இருக்கிறது.

மேலே வீட்டுக்காரர், கீழே குடித்தனக்காரர், ரெண்டு மீட்டர் என்று இருக்கும் வீடுகளில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் ஒரு கோளாறு உண்டு. திருட்டைத் தடுப்பதற்காக இந்த மீட்டர்கள் ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்), நியூட்ரல் (திரும்பும் வயர்) ரெண்டிலும் போகும் கரண்டைப் பார்த்து எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும். ஏதோ ஒரு சமயம் இன்வெர்ட்டர் மாட்ட வந்தவரோ மாடியில் அறை கட்டியபோது வயர் இழுத்தவரோ, கைக்கெட்டிய நியூட்ரலில் இணைத்துவிட்டுப் போயிருப்பார். மேல் வீட்டு ஃபேனின் கரண்ட் கீழ் வீட்டு நியூட்ரல் வழியாகத் திரும்பும். மேல் மீட்டர் ஃபேஸைப் பார்த்து எண்ணும், கீழ் மீட்டர் நியூட்ரலைப் பார்த்து எண்ணும், ஒரே ஃபேனுக்கு ரெண்டு வீட்டிலும் பில். கீழ் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மேலே ஃபேன், லைட்டெல்லாம் போடச் சொல்லுங்கள், கீழ் மீட்டர் மினுக்கினால் இதுதான். சில மீட்டர்களில் எர்த் என்று தனி விளக்கே எரியும். ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகவே அணைந்துவிடும் சுவிட்ச்) போட்டிருந்தால் அன்றைக்கே ட்ரிப் ஆகிக் காட்டிக்கொடுத்திருக்கும், ஆனால் சும்மா சும்மா விழுகிறது என்று அதை விலக்கிவிட்டு நேராக இணைத்து வைத்திருக்கிற வீடுகள் நிறைய. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அது உயிர் காக்கிற சாமான். வயரிங்கைச் சரிபார்த்த பிறகும் சந்தேகம் தீராவிட்டால் ஈபி ஆபீஸில் கட்டணம் கட்டி மீட்டரைச் சோதிக்கக் கேட்கலாம்.

கடைசியாக, பிளக்கில் சொருகினால் பில் பாதியாகும் என்று ஒரு டப்பா விற்கிறார்களே, பவர் சேவர் என்று, அது எங்களிடம் இல்லை, கேட்டாலும் வரவழைத்துத் தர மாட்டோம். உள்ளே இருப்பது ஒரு கண்டென்சரும் ஒரு குட்டி எல்இடியும். வீட்டு மீட்டர் எண்ணுவது உண்மையில் செலவான யூனிட்டை, கண்டென்சர் அதை ஒன்றும் குறைக்காது. அந்த எல்இடி எரிகிற செலவு வேறு உங்கள் கணக்கில்.

பில்லோடு வருகிறவர்கள் போன வருஷம் இதே மாத யூனிட்டையும், மீட்டரின் போட்டோ ஒன்றையும், ஏசி ஃப்ரிட்ஜ் ஸ்டிக்கர் போட்டோவையும் போனில் எடுத்து வாருங்கள், பேச்சு சுருக்கமாக முடியும். வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டுமென்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆள் அனுப்புகிறோம், பகலில் எல்லாரும் வேலையில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை கடை உண்டு.

இப்படிக்கு,
உங்கள் எலக்ட்ரிகல் கடை