காட்டுத்தீ: முதற்குடியினரையும் சேர்த்துத் திட்டமிடுக

ஆசிரியர் அவர்களுக்கு,

2017 கோடையில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் காட்டுத்தீ சூழ்ந்தபோது, வெளியேறச் சொன்னதை ஏற்காத ‘சில்கோட்டின்’ என்னும் முதற்குடியினர் (கனடாவின் பூர்வகுடி மக்கள்) பலர், அந்தக் காட்டிலேயே தீயணைத்துப் பழகிய அனுபவத்தோடு, தங்கிநின்று தம் ஊரைக் காத்தனர். வெளியேறாவிட்டால் பிள்ளைகளை அகற்ற நேரிடும் என்று காவல்துறை எச்சரித்ததாக அவர்களுடைய அப்போதைய தலைவர் ஜோ அல்போன்ஸ் கூறியது இன்றும் மனத்தை வருத்துகிறது. வட்டார நிர்வாகத்தின் வெளியேற்ற உத்தரவு முதற்குடியினருக்கென அரசு ஒதுக்கிய நிலத்தில் செல்லாது. அங்கே அந்த அதிகாரம் அவர்களது மன்றத்துக்கே உரியது. 2018இல் மத்திய, மாகாண அரசுகள் சில்கோட்டின் மக்களோடு அவசரகால மேலாண்மை குறித்து ஒப்பந்தம் செய்தது நல்ல தொடக்கம். ஆனால் தீயணைப்பு வண்டியும் தங்குமிடமும் பக்கத்து ஊராட்சிகளிடமும் இருப்பதால், வானொலி அலைவரிசை, நீர்நிலை வரைபடம், முதியோர் பட்டியல் ஆகியவற்றை முதற்குடியினரும் ஊராட்சிகளும் கோடைக்கு முன்பே கூடிப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்கான நிதியை மாகாண அரசு ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், வான்கூவர்