பார்க்காமலே பழகியவர்களைப் பார்க்கப் போகும் மகளுக்கு

சத்துவாச்சாரி, வேலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அம்மாவும் நானும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் போன் என்பது அம்மாவின் கையில் இருக்கும் பொருள். சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் உன் இடைவேளை முடிந்துவிடுகிறது. ஆகவே எழுதுகிறேன். உன்னோடு இணையத்தில் சேர்ந்து படக்கதை வரைந்து வரும் நண்பர்கள் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நேரில் கூடலாம் என்று அழைக்கிறார்கள், போகலாமா, போனால் முகம் பார்த்த கூச்சத்தில் இருக்கிற நட்பும் கெட்டுவிடாதா என்பது உன் கேள்வி. போ என்பதுதான் என் பதில். எப்படிப் போவது, போய் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

பார்க்காத நட்பு என்றதும் நம்மவர்கள் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் இழுத்து வந்து, பார்க்காமலே நண்பர்களாக இருந்தார்கள் என்பதோடு கதையை நிறுத்திக்கொள்வார்கள். பாதிக் கதை அது. சோழன் உறையூரில் வடக்கிருந்தபோது, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்தபோது, பாண்டிய நாட்டுப் பிசிரிலிருந்து தன் நண்பர் வருவார், அவருக்கு இடம் ஒதுக்கி வையுங்கள் என்று சொன்னான். அவரும் சொல்லி வைத்தாற்போல் வந்து சேர்ந்தார். அதாவது, பார்க்க வேண்டும் என்ற ஆசை அந்த இருவருக்கும் இருந்தது. எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. அவரை நேரில் கண்ட சான்றோர், உம்மைப் பற்றிக் கேள்விப்பட்டு இத்தனை ஆண்டுகள் ஆயிற்றே, உமக்கு ஏன் இன்னும் நரைக்கவில்லை என்று கேட்டார்கள். அவருடைய பாட்டெல்லாம் அவர்கள் காதுக்கு வந்திருக்கலாம், ஆனால் தலைமுடி வரவில்லை. அதற்கு அவர் மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரிலுள்ள சான்றோர் என்று தம் வீட்டையும் ஊரையும் எடுத்துச் சொன்னார். நேரில் வந்ததால்தான் அந்தக் கேள்வி பிறந்தது. புறநானூற்றுக்கு ஒரு நல்ல பாட்டும் கிடைத்தது.

என் ஓவியக் குழுவைப் பற்றி உனக்கு அரைகுறையாகத் தெரியும். நெடுஞ்சாலைத் துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, டீ ஸ்கொயரும் ட்ரேசிங் தாளும் இல்லாமல் கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அப்போதுதான் இருந்த இடத்தில் உட்கார்ந்து கண்ணெதிரே தெரிவதை வரைகிறவர்களின் கூட்டத்தில் சேர்ந்தேன். இந்த வகை வரைதலுக்கு உலகம் முழுவதும் பெயர் வாங்கித் தந்தது அர்பன் ஸ்கெட்சர்ஸ் என்னும் அமைப்பு. சியாட்டில் நகரத்துப் பத்திரிகையாளரும் ஓவியருமான கேப்ரியல் கம்பனாரியோ 2007-இல் அதை இணையத்தில் ஒரு சிறு குழுவாகத்தான் தொடங்கினார். 2010-இல் போர்ட்லாந்தில் முதல் மாநாடு கூட்டிவிட்டார்கள். அவர்களின் கொள்கைகளில், வரைந்ததை இணையத்தில் பகிர்வோம் என்பதோடு, சேர்ந்து உட்கார்ந்து வரைவோம் என்பதும் ஒன்று. இணையத்தில் பிறந்த கூட்டமே மூன்று ஆண்டுகளில் ஓர் ஊரில் கூடி உட்கார விரும்பியது என்றால், உன் நண்பர்கள் அழைப்பதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

எங்கள் குழு மிகச் சிறியது. காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர் ஒருவர், புதுக்கோட்டைப் பக்கத்து ஆசிரியை ஒருவர், பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் பையன் ஒருவன், நான். ஒருவர் முகத்தை ஒருவர் அறியாமலே நெடுநாள் படங்களை அனுப்பிக்கொண்டும் குறை நிறை சொல்லிக்கொண்டும் இருந்தோம். பிறகு வேலூர்க் கோட்டையை வரைவது என்ற சாக்கில் இங்கே கூடினோம். கோட்டைக்கு எதிரே, 1806-ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சியின் நினைவுத் தூணடியில் சந்திப்பதாக ஏற்பாடு. வெளியூர்க்காரருக்கும் தவறாத அடையாளம் அது. ஆட்டோக்காரரிடம் மக்கான் என்று சொன்னால் போதும்.

முதல் கால் மணி நேரம் சிரமமாகத்தான் இருந்தது. குழுவில் பத்தி பத்தியாக எழுதும் ஆசிரியை ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார்; ஒற்றைச் சொல்லில் எழுதும் காஞ்சிபுரத்துக்காரர் நிறுத்தாமல் பேசினார். பையன் எல்லாரையும் சார், மேடம் என்று விளித்துக்கொண்டிருந்தான். டீ குடித்தோம். ஊர், வண்டி, வெயில் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டோம். நல்லவேளையாக, வரைய வேண்டும் என்றே வந்திருந்ததால், கோட்டைக்குள் நடந்து ஜலகண்டேசுவரர் கோயிலுக்குப் போனோம். நெடுங்காலம் வழிபாடில்லாமல் இருந்து, நம் சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை 1981-இல் திரும்பக் கொண்டுபோய் வைத்த கதையைப் போகிற வழியில் நான் சொன்னேன். குருக்களிடமும் காவலரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கல்யாண மண்டபத்துத் தூண்களின் முன் ஆளுக்கோர் இடத்தில் தரையிலேயே உட்கார்ந்தோம்.

அதன் பிறகு நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல விரும்புகிறேன். யாளித் தூண் ஒன்றை எல்லாரும் வரைந்தோம். நான் என் வழக்கப்படி முதலில் நடுக்கோடு போட்டு, பீடம், உடல், போதிகை என்று உயரத்தைப் பிரித்துக்கொண்டேன். காஞ்சிபுரத்துக்காரர் நடுக்கோடும் போடவில்லை, வெளிக்கோடும் போடவில்லை. தாளின் இடது மேல் மூலையில் தொடங்கி, ஒரு விரற்கடை அகலத்துக்கு வலது ஓரம் வரை அந்தப் பட்டையில் தெரிவதை மட்டும் முடித்துவிட்டு, அடுத்த பட்டைக்கு இறங்கினார். யாளியின் கண் பாதி வந்து நின்றது. அடுத்த வரியில் மீதிக் கண்ணும் மூக்கின் தொடக்கமும் வந்தன. பட்டு டிசைனை கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகத்தான் போட வேண்டும். ஒவ்வொரு கட்டமும் பாவு இழையைத் தூக்கு, தூக்காதே என்று தறிக்குச் சொல்லும் உத்தரவு. அதைப் பார்த்துத்தான் தறியில் மாட்டும் அட்டையில் துளை குத்துவார்கள். வாழ்நாள் முழுவதும் அப்படிப் போட்ட கைக்கு, கல்லும் வரி வரியாகத்தான் தெரிகிறது. அவருடைய படங்களில் ஒரு விதமான அசையாத நிதானம் இருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று குழுவில் நாங்கள் பலமுறை பேசியிருக்கிறோம். முடிந்த படத்தை எத்தனை முறை பார்த்திருந்தாலும் அது எங்களுக்குத் தெரிந்திருக்காது.

பையன் கணினிப் பலகையில் வரைகிறவன். மண்டபத்துக்குள் வெளிச்சம் ஒரு பக்கமாக அடித்து, திரையில் அவன் முகந்தான் தெரிந்தது. ஆசிரியை தம் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பேனாவோடு கொடுத்தார். ஒரு கோடு பிசகியதும் அவன் இரண்டு விரல்களால் தாளைத் தட்டினான். திரையில் அப்படித் தட்டினால் கடைசிக் கோடு அழிந்துவிடுமாம். தாள் சும்மா இருந்தது. அவன் தட்டியதை மூவரும் பார்த்துவிட்டோம். முதலில் சிரித்தவன் அவன்தான். சார், மேடம் எல்லாம் அதோடு போய், நான் அப்பாவானேன், ஆசிரியை அக்காவானார். அந்த அக்காவின் படங்களை நாங்கள் எல்லாரும் முழுத்தாள் அளவு என்றே எண்ணியிருந்தோம். உள்ளங்கையளவு நோட்டு அது. பஸ்ஸில் மடிமேல் வைத்து வரைய வசதி என்றார். போன் திரையில் மலையும் மிளகும் ஒரே அளவாகத்தானே வருகிறது.

ஆகவே பாப்பா, நீங்கள் கூடும்போது ஒரு மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து பேசுவதற்கென்று மட்டும் கூட வேண்டாம். அது பெண் பார்க்கும் சடங்கைப் போல ஆகிவிடும். எல்லாரும் எல்லாரையும் எடை போட்டுக்கொண்டு காபி ஆறும் வரை உட்கார்ந்திருப்பீர்கள். கைக்கு ஒரு வேலையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். ஆளுக்கொரு கட்டம் வரைந்து அடுத்தவரிடம் தள்ளினால் மாலைக்குள் ஒரு படக்கதை வந்துவிடும். அது நன்றாக வர வேண்டும் என்பதும் இல்லை. வேலை நடக்கும்போது பேசாமல் இருப்பது குறையாகத் தெரியாது. பேச்சு வந்தாலும் அது தானாக வந்ததாக இருக்கும். உன்னைப் போல மூன்றாம் மனிதரிடம் வாய் திறக்க நாளெடுக்கும் பெண்ணுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். நம் பக்கத்தில் ரயிலில் எதிரே உட்கார்ந்தவர், காட்பாடி தாண்டுவதற்குள் எந்த ஊர் என்று கேட்டு, அடுத்து எந்தத் தெரு என்று கேட்டு, அந்தத் தெருவைக் கொண்டு சாதியைக் கணக்குப் போட்டுவிடுவார். நாங்கள் நால்வரும் அந்த நாள் முழுவதும் அதைக் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறோம் என்ற நினைப்பும் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. எந்த நிப்பு, என்ன மை, தண்ணீர் பட்டால் கலையுமா என்பதே பேச்சு. வெள்ளைக்காரர் நாட்டில் கேள்விகள் வேறாக இருக்கலாம்; உத்தியோகம், சம்பளம், விசா என்று வரலாம். அவர்கள் எந்தப் பெயரில் உனக்கு அறிமுகமானார்களோ அந்தப் பெயரிலேயே கூப்பிடு. சொந்தப் பெயரைச் சொல்ல விரும்பினால் அவர்களே சொல்வார்கள். உனக்கும் அதே உரிமை உண்டு.

இனி நீ முகம் சுளிக்கப் போகும் பகுதி. நல்ல கோடு போடுகிறவர் நல்லவராகத்தான் இருப்பார் என்று சட்டம் எதுவும் இல்லை. பலநாள் பார்த்த படங்கள் அந்தக் கையைப் பற்றிச் சொல்லும். ஆளைப் பற்றி அவை சொல்வது கொஞ்சம்தான். அழைத்தவர்களில் ஒருவரின் வீட்டிலேயே கூடித் தங்குவதாக நீ சொன்னாய். முதல் சந்திப்புக்கு வீடு வேண்டாம். சேம்பர்ஸ் தெருவில் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை, வரைவதற்குப் பொருளும் குறைவில்லை, சுற்றிலும் ஆள் நடமாட்டம் இருக்கும். அங்கே கூடுங்கள். டிசம்பரில் அங்கே நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்று நீதான் சொன்னாய். ஆகையால் காலையிலேயே தொடங்குங்கள். நீ இருக்கும் கிளாஸ்கோவுக்குத் திரும்ப ஒரு மணி நேர ரயில்தானே, இரவு தங்க வேண்டிய தேவையே இல்லை. அறைத் தோழியிடம் யாரைப் பார்க்கிறாய், எங்கே, எப்போது திரும்புவாய் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. அங்கே ஏதாவது மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றால், காரணம் சொல்லாமல் எழுந்து வந்துவிடலாம். மரியாதைக்காக உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வீட்டைப் பற்றி இங்கேயும் ஒரு வழக்கு நடந்தது. எங்கள் குழு முதல்முறை வந்தபோது அம்மா நம் வீட்டில்தான் சாப்பாடு என்று நின்றாள். ஓட்டலில் சாப்பிடுவோம், அடுத்த முறை பார்க்கலாம் என்றேன். "முகம் தெரியாதவங்களுக்குச் சோறு போடறது நம்ம வீட்டுக்குப் புதுசா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனாலும் ஓட்டலுக்குத்தான் போனோம். அடுத்த முறை வந்தபோது அவர்களை வீட்டில் உட்கார வைத்து, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றி, அதற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சொல்லித்தான் அனுப்பினாள். இப்போது காஞ்சிபுரத்துக்காரர் என்னைவிட அவளிடம்தான் அதிகம் பேசுகிறார்.

சில்லறை விஷயங்கள்: சாப்பாட்டுச் செலவை அன்றே பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் முகம் விழுந்த போட்டோவை அவரைக் கேட்காமல் எங்கும் போடாதே. குழுவில் நீ தயங்காமல் குறை சொல்கிறவள் என்று எனக்குத் தெரியும். எழுத்தில் படிக்கும்போது தாங்கிக்கொள்ளும் சொல்லை, எதிரே நின்று சொன்னால் தாங்க மாட்டார்கள். முதல் நாள் அதை அடக்கி வை. ஒருவேளை அவர்களில் யாரையாவது உனக்குப் பிடிக்காமல் போனால், அவருடைய படங்களை முன்போலவே ரசித்துக்கொண்டு இருக்கலாம். எல்லா நட்பையும் நேரில் கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எங்கள் குழுவிலும் வரவே விரும்பாத ஐந்தாவது ஆள் ஒருவர் உண்டு. அவர் இன்னும் மழைக்காலத்துத் தெருக்களை வரைந்து அனுப்பிக்கொண்டிருக்கிறார். யாரும் அவரை வற்புறுத்துவதில்லை.

தேதி முடிவானதும் ரயில் நேரத்தையும் தோழியின் எண்ணையும் எழுது. நான் வரைபடம் போட்ட பழைய ரோட்ரிங் பேனாவைக் கேட்டிருந்தாயே, அதைக் கழுவிச் சரிபார்த்து அடுத்த பார்சலில் பருப்புப் பொடியோடு வைக்கிறேன். மை அங்கேயே வாங்கிக்கொள். பார்சலில் கசிந்துவிட்டால் பொடி வீணாகும் என்று அம்மா மறுத்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா