பில்லி ஹாலிடேயும் தங்கச்சி கேட்ட கேள்வியும்

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நேரமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ரிட்டயர் ஆனவனுக்கு நேரத்துக்கு என்ன குறை. முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தே பாதிப் பொழுது போகிறது. பேரனை ஸ்கூல் வேன் வரைக்கும் கொண்டுபோய் விடுகிற டியூட்டி வேறு புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அதெல்லாம் இருக்கட்டும். நீ எழுதியதில் என்னைக் குத்தியது ஒரே ஒரு இடம்தான். நான் சொன்னேனே என்று அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் "லேடி இன் சாட்டின்" ஆல்பத்தை ராத்திரி 11 மணிக்குப் போட்டிருக்கிறாய், ரெண்டாவது பாட்டு முடிவதற்குள் தங்கச்சி சமையலறையிலிருந்து வந்து "யாருங்க அழறது?" என்று கேட்டிருக்கிறது, நீயும் அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாய். "இந்தம்மாவையா நீ நாற்பது வருஷமாகத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறாய்?" என்று கேள்வி வேறு.

தப்பு என் மேல்தான். ஒரு வீட்டுக்கு முதல்முறை வருகிறவனைக் கொல்லைப்புற வழியாகக் கூட்டி வந்த மாதிரி ஆகிவிட்டது. அந்த ஆல்பம் 1958 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவானது. பாடியவருக்கு அப்போது 43 வயதுகூட நிறையவில்லை, கேட்டால் 70 என்று சொல்வாய். குரல் தேய்ந்து, மேலே போகும்போது கிழிந்து, பின்னால் ரே எல்லிஸின் நாற்பது பேர் ஆர்க்கெஸ்ட்ரா ஜீராவில் ஊறப்போட்ட மாதிரி வயலின் வாசித்துக்கொண்டிருக்க... முதல் அறிமுகமே அதுவென்றால் தங்கச்சி கேட்டது நியாயமான கேள்வி.

ஆனால் பதில் "அழவில்லை" என்பதுதான். அதை விளக்கத்தான் இந்த நீளக் கடிதம், காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்.

முதலில் நீ 1958-ஐ மறந்துவிடு. 1937-க்குப் போ. அதற்கு முன்னால் ஒரு முன்கதை. 1915-ல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து, பால்டிமோரில் வறுமையில் வளர்ந்து, நியூயார்க்கின் ஹார்லெமுக்கு வந்து, ராத்திரி விடுதிகளில் மேஜை மேஜையாகப் பாடிக்கொண்டிருந்த பெண். 1933-ல் ஜான் ஹாமண்ட் என்கிற பணக்கார வீட்டுப் பையன் கேட்டுவிட்டு, அந்த நவம்பரிலேயே பென்னி குட்மேன் என்கிற கிளாரினெட்காரரோடு முதல் ரெக்கார்டு போட வைக்கிறார். அப்போது வயது 18. அதைக் கேட்டால் குரல் கொஞ்சம் மேலே தூக்கி, பதற்றமாக இருக்கும், பெரிதாக ஒன்றுமில்லை. நிஜமான ஆட்டம் 1935-ல் டெடி வில்சன் என்கிற பியானோக்காரரோடு ஆரம்பிக்கிறது. ஜூக்பாக்ஸ் தெரியுமில்லையா, காசு போட்டால் பாட்டுப் போடுகிற பெட்டி, அந்தப் பெட்டிகளுக்காகத்தான் அந்த ரெக்கார்டுகளைப் போட்டார்கள். நல்ல நல்ல பாட்டெல்லாம் பேர் பெற்ற வெள்ளைக்காரப் பாடகர்களுக்குப் போய்விடும், மிச்சம் மீதிதான் இவர்கள் கைக்கு வரும். ரிகர்சல் பெரிதாகக் கிடையாது, நோட்டு எழுதி வைப்பதும் குறைவு. வருவார்கள், "நீ இங்கே வாசி, நான் அங்கே வாசிக்கிறேன்" என்று பேசிக்கொள்வார்கள், மூன்று நிமிஷத்தில் ஒரு பக்கம் முடியும். வெட்டி ஒட்ட முடியாத காலம், தப்பு செய்தால் திரும்ப முதலிலிருந்து. பில்லிக்கு அதில் ராயல்டியும் கிடையாது, ஒரு நாள் சம்பளம் அவ்வளவுதான். இன்றைக்கு உலகம் முழுக்க விற்கிற பாட்டு அதெல்லாம்.

இந்த மிச்சம் மீதிப் பாட்டுகளை வைத்துக்கொண்டு பில்லி செய்த வேலையைத்தான் நீ கேட்க வேண்டும். குரலின் எல்லை ரொம்பக் குறுகல், ஒரு ஸ்தாயிக்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான். எல்லா ஃபிட்ஜெரால்டு என்கிற இன்னொரு ஜாஸ் பாடகி போல மாடி மாடியாக ஏறி இறங்க முடியாது. அதனால் மெட்டையே நசுக்கிவிடுவார். மேலே ஏறிப் போக வேண்டிய வரியை இரண்டு மூன்று ஸ்வரத்துக்குள் மடக்கி, கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரி ஆக்கிவிடுவார். அப்புறம் தாளம். தாளக்காரர்கள் நேராகப் போய்க்கொண்டே இருப்பார்கள், பில்லி ஒரு அடி பின்னால், அவசரமே இல்லாமல், பஸ் கிளம்பிவிட்டது தெரிந்தும் நடந்தே வருகிற ஆள் மாதிரி வருவார். விட்டுவிட்டாரோ என்று நமக்குப் பதறும். வரி முடிகிற இடத்தில் பார்த்தால் பஸ்ஸுக்குள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார். (இதை நம் ஊர் எடுப்போடு ஒப்பிட்டு நான் ஒரு தரம் பேச ஆரம்பித்ததும் நீ எழுந்து போனதும் ஞாபகம் இருக்கிறது, அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.)

1955-ல் ஜிம்மி ரோல்ஸ் என்ற பியானோக்காரரோடு ரிகர்சல் செய்தபோது ஓடவிட்ட டேப் ஒன்று இருக்கிறது. பாட்டைவிடப் பேச்சும் சிரிப்பும்தான் அதிகம். அதில் தன் குரலைப் பற்றி அவரே சொல்கிறார்: இந்தப் பழைய குரல் கொஞ்சம் மேலே போகும், கொஞ்சம் கீழே வரும், முறையான குரலெல்லாம் என்னிடம் இல்லை என்று. புலம்பல் இல்லை அது. தன் கருவியின் அளவு தெரிந்த கைவேலைக்காரர் சொல்கிற பேச்சு.

சரி, 1937 ஜனவரி 25. அன்றைக்கு ஸ்டுடியோவுக்கு கவுண்ட் பேஸி என்கிற பியானோக்காரரின் பேண்டிலிருந்து சிலர் வருகிறார்கள், அதில் ஒருவர் லெஸ்டர் யங், டெனர் சாக்ஸஃபோன். அந்தக் காலத்தில் டெனர் என்றால் கோல்மன் ஹாக்கின்ஸ் மாதிரி கனமாக, தடிமனாக வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். லெஸ்டர் வாசிப்பு லேசானது, புகை மாதிரி. இவர்தான் பில்லிக்கு "லேடி டே" என்று பேர் வைத்தவர், பதிலுக்கு பில்லி வைத்த பேர் "பிரெஸ்", பிரசிடெண்ட் என்பதன் சுருக்கம். காதலர்கள் இல்லை, கொஞ்ச காலம் பில்லியின் அம்மா வீட்டில் ஒரு ரூமில் தங்கியிருந்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த ரெக்கார்டுகளில் இரண்டு பேரும் பேசிக்கொள்கிற மாதிரி புருஷன் பெண்டாட்டிகூடப் பேசிக்கொள்வதில்லை. அதே வருஷம் ஜூனில் பதிவான "மீ, மைசெல்ஃப் அண்ட் ஐ" கேள். கடைசிச் சுற்றில் பில்லி பாடப் பாட லெஸ்டர் பின்னாலேயே வருவார், இடைவெளி விட்ட இடத்தில் நுழைவார், மறுபடி ஒதுங்குவார். அந்தப் பாட்டுக்கு அன்று எடுத்த இரண்டு பதிவு கிடைக்கிறது, இரண்டிலும் இரண்டு பேரும் வேறு வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். துள்ளலான பாட்டு, சிரிப்பு வழிகிறது. தங்கச்சி இதைக் கேட்டிருந்தால் "யார் அழறது" என்று கேட்டிருக்காது, காலால் தாளம் போட்டிருக்கும்.

ஒரே வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த வருஷம் பில்லி பேஸி பேண்டோடு ஊர் ஊராகப் பாடினார், ஆனால் ரெக்கார்டு கம்பெனி ஒப்பந்தச் சிக்கலால் ஸ்டுடியோவில் ஒரு பாட்டுகூடச் சேர்ந்து போடவில்லை. ரேடியோ ஒலிபரப்பிலிருந்து பிடித்து வைத்த மூன்று பாட்டு மட்டும் மிச்சம். நாம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஷார்ட்வேவில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவைப் பிடித்து, அதில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்திய வில்லிஸ் கானோவர் நிதானமாகப் பேசப் பேச உன் டேப்ரெக்கார்டரில் பதிவு செய்து, கடைசியில் டேப் உள்ளே சிக்கி நீ பென்சில் விட்டுச் சுற்றியது ஞாபகம் வருகிறது. அந்த மூன்று பாட்டும் அப்படி யாரோ பிடித்து வைத்த மாதிரிதான் ஒலிக்கும், இரைச்சலோடு.

"ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்" பற்றி உனக்குத் தெரியும், அதனால் சுருக்கமாக. பிராங்க்ஸில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ஏபெல் மீரோபோல், கறுப்பர்களைக் கும்பல் அடித்து மரத்தில் தொங்கவிட்ட போட்டோவைப் பார்த்து எழுதிய கவிதை. பில்லியின் சொந்தக் கம்பெனியான கொலம்பியா பதிவு செய்ய மறுத்துவிட்டது, மில்ட் கேப்லர் என்பவர் தன் சின்னக் கம்பெனியான கமடோரில் 1939 ஏப்ரலில் போட்டார். கஃபே சொசைட்டி என்ற விடுதியில் அதைக் கடைசிப் பாட்டாகத்தான் பாடுவார். அதற்கு முன் வெயிட்டர்கள் சர்வ் செய்வதை நிறுத்திவிட வேண்டும், விளக்கெல்லாம் அணைந்து முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம், பாட்டு முடிந்து விளக்கு வந்தால் ஆள் மேடையில் இருக்க மாட்டார். இதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல வருவது வேறு. அந்த ரெக்கார்டில் ஒரு நிமிஷத்துக்கும் மேல் பில்லி வாயே திறப்பதில்லை. பாட்டு ரெக்கார்டுக்குச் சின்னதாக இருக்கிறது என்று கேப்லர் முன்னால் பியானோவை வாசிக்கச் சொன்னார், டிரம்பெட்டும் சேர்ந்துகொண்டது. நீளத்தை நிரப்பச் செய்த வேலை. அந்த ஒரு நிமிஷம்தான் இப்போது நம் வயிற்றைப் பிசைகிறது. குரல் வந்ததும் கத்தல் கிடையாது, உருகல் கிடையாது, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக வைத்துவிட்டுப் போகிறார்.

அப்புறம் நடந்ததைத்தான் ஊரே பேசுகிறது. ஹெராயின், 1947-ல் ஜெயில், வெளியே வந்து பத்துப் பதினோரு நாளில் கார்னகி ஹாலில் மேடையிலேயே நாற்காலி போட வேண்டி வந்த கூட்டம். ஆனால் போலீஸ் லைசென்ஸ் பறிபோனதால், மது விற்கிற எந்த நியூயார்க் விடுதியிலும் பாட முடியாது. பிழைப்பே அங்கேதான் என்கிறபோது இது எவ்வளவு கொடுமை என்று பார். 1959-ல் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கைது செய்து வாசலில் போலீஸை நிறுத்தினார்கள், ஜூலை 17-ல் போய்விட்டார். வயது 44.

இந்தச் சோகக் கதை பாட்டை அமுக்கிவிட்டது என்பதுதான் எனக்குள்ள ஆத்திரம். அவர் பேரில் வந்த சுயசரிதையும் அதற்கு உடந்தை. ஒரு பத்திரிகைக்காரர் கூட இருந்து எழுதியது, தகவல் பலது தப்பு, "ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்" மெட்டில் தன் பங்கு இருப்பதாகக்கூட வருகிறது, மீரோபோலுக்கு அதில் கடும் கோபம். படித்துவிட்டு ரெக்கார்டைப் போடுகிறவன் ஒவ்வொரு வரியிலும் ஊசியையும் ஜெயிலையும் தேடுகிறான். 1937-ல் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பாடியதிலும் கண்ணீரைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். என்ன செய்வது சொல்.

இப்போது உன் "லேடி இன் சாட்டின்"-க்கு வருகிறேன். ரே எல்லிஸே பதிவு முடிந்த அன்றைக்குத் திருப்தி இல்லாமல்தான் இருந்தாராம், சில வாரம் கழித்துக் கேட்டபோதுதான் பிடிபட்டது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1997 சி.டி. வெளியீட்டில், அதில் ஒரு பாட்டை பில்லி துண்டு துண்டாகப் படித்துத் தேர்ந்த டேப்பைச் சேர்த்திருக்கிறார்கள். பாட்டு சரியாகத் தெரியாது, தடுமாறுகிறார், நிறுத்துகிறார், திரும்பப் பிடிக்கிறார். குரல் போய்விட்டது, ஆனால் சொல்லை எங்கே வைப்பது என்கிற கணக்கு அப்படியே இருக்கிறது. அந்த நாற்பது பேரும் நேராகப் போக, அதே ஒரு அடி பின்னால், அதே பஸ். வயலின் பிடிக்கவில்லை எனக்கு, இன்றுவரை பிடிக்கவில்லை, குரலை மட்டும் தனியே பிரித்துக் கேட்கிற பழக்கம் வந்துவிட்டது.

ஆனால் நீ அதை இப்போது தொடாதே. 1957 டிசம்பர் 8-ல் சி.பி.எஸ். டி.வி.யில் நேரடியாக ஒளிபரப்பான நிகழ்ச்சி ஒன்றில் பில்லி "ஃபைன் அண்ட் மெல்லோ" பாடியது யூடியூபில் கிடைக்கிறது, எட்டு நிமிஷம். சொந்தமாக எழுதிய ப்ளூஸ், "ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்" ரெக்கார்டின் மறுபக்கமாக வந்தது. தலைமுடியைப் பின்னால் குதிரைவால் போட்டு, உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் பெரிய தலைகள், ஹாக்கின்ஸ், பென் வெப்ஸ்டர், ராய் எல்ட்ரிட்ஜ் எல்லோரும். முதல் வரிகளுக்கு அப்புறம் வெப்ஸ்டர் வாசிப்பார். அடுத்து லெஸ்டர் எழுந்து வருவார், உடம்பு முடியாத மனுஷன், நிற்கவே சிரமம். ஒரே ஒரு சுற்று, 12 அளவு, அதிலும் அதிகம் இல்லை, எண்ணி எடுத்து வைத்த ஸ்வரங்கள். நீ லெஸ்டரைப் பார்க்காதே, பில்லி முகத்தைப் பார். தலை லேசாக ஆடும், உதட்டைக் கடித்துக்கொள்வார், அப்புறம் ஒரு சிரிப்பு, ஆமாம் ஆமாம் என்கிற மாதிரி. அடுத்த மார்ச்சுக்கு அடுத்த மார்ச்சில் லெஸ்டர் போய்விட்டார், நாலு மாசத்தில் பில்லியும்.

லிங்க் சின்னவளிடம் சொல்லி உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்கிறேன். ராத்திரி வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்த பிறகு போடு, தங்கச்சியையும் பக்கத்தில் உட்கார வை. லெஸ்டர் எழுந்து வரும்போது பேச்சுக் கொடுக்காதே. என்ன சொன்னது என்று மறக்காமல் எழுது. மாவடு ஊறிவிட்டது, தைப்பூசத்துக்கு வருகிற உன் மச்சினனிடம் ஒரு பாட்டில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்