எந்தப் பெட்டியைச் சரிபார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கும் அம்மா ஒருவர், உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். தமிழ் நன்றாகப் படிப்பவர். பூச்சுற்ற வரும் பழைய பேப்பரைக்கூட ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டுத்தான் கிழிப்பார். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்து, “சார், இது ஒண்ணுதான் பிடிபடலை” என்றார்.

“மேற்கண்ட விவரங்கள் உண்மையெனில் கீழுள்ள பெட்டியைச் சரிபார்க்கவும்.”

அதன் கீழே, சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு சிறு சதுரம். ரேஷன் கார்டும் ஆதாரும் வைத்திருக்கும் தகரப்பெட்டியைத் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுத்தான் முதல் நாள் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அங்கே, “கடைசிப் பக்கம் பூர்த்தி செய்யலை” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சதுரத்துக்குள் ஒரு டிக் இல்லை, அவ்வளவுதான் குறை. ஒரு நாள் வியாபாரம் போனது. தமிழில் என்ன எழுதியிருந்ததோ அதை அப்படியே செய்தவர் அவர். பிழை அவருடையது இல்லை.

ஆங்கிலத்தில் இருந்த வரியில் ‘செக்’ என்ற சொல் வந்திருக்கும். அகராதியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ‘சரிபார்’. அதை எடுத்து ஒட்டிவிட்டார்கள். முப்பத்திரண்டு ஆண்டு வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இந்த ஒரு சொல்லோடு எனக்கு நெடுநாள் பழக்கம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல உங்கள் பத்திரிகையில் இடம் வேண்டுகிறேன்.

நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம், தலைமை எழுத்தர் கேட்டார்: “தம்பி, அந்த செக்கை செக் பண்ணியாச்சா?” முதல் செக் காசோலை, இரண்டாவது சரிபார்ப்பது. ஆங்கிலேயர் இரண்டையும் வேறு வேறு எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்கள். அமெரிக்கர் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறார்கள். நம் எழுத்தில் இரண்டும் ‘செக்’தான். எனக்கு அப்போது அது தற்செயலான ஒலி ஒற்றுமை என்றே தோன்றியது. உண்மையில் அவை ஒரே வயிற்றில் பிறந்தவை.

பிறந்த இடம் சதுரங்கப் பலகை. நம் நாட்டிலிருந்து பாரசீகத்துக்குப் போன ஆட்டம் அங்கே ‘சத்ரங்’ ஆனது, அரபியரிடம் ‘ஷத்ரஞ்ச்’ ஆனது, பிறகு ஐரோப்பாவுக்குப் போனது. எதிராளியின் அரசனைத் தாக்கும் நிலைக்குக் காயை நகர்த்தினால் “ஷா!” என்று குரல் கொடுப்பார்கள். ஷா என்றால் அரசன். ஷாஜகான் என்ற பெயரில் இருக்கும் அதே ஷா. அந்தக் குரல்தான் லத்தீனில் ‘ஸ்காக்குஸ்’ ஆகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘செக்’ ஆனது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்தது ‘செஸ்’. அரசனுக்கு இனிப் போக்கிடமில்லை என்ற ‘ஷா மாத்’ என்பதே ‘செக்மேட்’. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் “ராஜாவுக்கு செக்” என்கிறார்களே, சொல்லின் வேரைப் பார்த்தால் அவர்கள் ராஜாவை இரண்டு முறை சொல்கிறார்கள்.

செக் வைக்கப்பட்ட அரசன் மற்ற வேலையெல்லாம் விட்டுவிட்டு முதலில் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தின் போக்கே ஒரு கணம் நின்றுபோகிறது. அதிலிருந்துதான் ‘தடு’, ‘நிறுத்து’, ‘அடக்கு’ என்ற பொருள்கள் கிளைத்தன. ஓடைக்குக் குறுக்கே கட்டும் ‘செக் டேம்’ இந்தக் கிளையைச் சேர்ந்தது. வண்டியை நிறுத்தும் ‘செக்போஸ்ட்’டில் தடுப்பதும் சோதிப்பதும் இரண்டும் இருக்கின்றன. தடுத்து நிறுத்திப் பார்ப்பதிலிருந்து ‘சரியா என்று பார்’ என்ற பொருள் பின்னால் வந்தது. பார்த்து முடித்ததற்கு அடையாளமாகப் போடும் குறியையும் அமெரிக்கர் ‘செக்’ என்றார்கள். ஆங்கிலேயர் அதை ‘டிக்’ என்கிறார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் பழகியதும் டிக்தான். கணினியோடு அமெரிக்க ஆங்கிலம் உள்ளே வந்தது. அங்கேதான் அந்தப் பூக்கார அம்மாவின் தகரப்பெட்டி திறக்கப்பட்டது.

காசோலைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை. இங்கிலாந்து அரசர்களின் கருவூலத்துக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர். சதுரங்கப் பலகையைக் குறித்த சொல் அது. 12-ஆம் நூற்றாண்டில் அந்தக் கருவூலத்தின் பொறுப்பிலிருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், அது நடக்கும் விதத்தை ஒரு நூலாகவே எழுதிவைத்திருக்கிறார். ஏறத்தாழ பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேசை. மேலே வைத்தது உருண்டு விழாமல் இருக்கச் சுற்றிலும் நான்கு விரற்கடை உயரத்துக்கு விளிம்பு. அதன்மேல் கோடுகள் இழுத்த கறுப்புத் துணி. அந்தக் கட்டங்களில் வில்லைகளை வைத்தும் எடுத்தும் மாவட்ட அதிகாரிகளின் வரிக்கணக்கைக் கூட்டிக் கழிப்பார்கள். இருபுறமும் ஆள் உட்கார்ந்து காய் நகர்த்துவது போலவே இருக்கும், அதனால் அந்தப் பெயர். இன்றும் பிரிட்டனின் நிதியமைச்சர் பதவிப் பெயரில் அந்த மேசைத் துணி இருக்கிறது.

பணம் கட்டியதற்கு அங்கே கொடுத்த ரசீதும் சொல்லத் தக்கது. ஒரு குச்சியில் தொகைக்கு ஏற்ப வெட்டுகள் போட்டு, அதை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதி கட்டியவரிடம், மறு பாதி கருவூலத்தில். இரண்டும் பொருந்தினால்தான் கணக்கு செல்லும். (பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று உலையில் போட்டு எரித்தபோது தீ பரவி, லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதியே சாம்பலானது.) பின்னாளில் குச்சியின் இடத்தில் காகிதம் வந்தது. காகிதத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மோசடி நடக்காமல் தடுக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குத்தான் முதலில் ‘செக்’ என்று பெயர். பிறகு அந்தப் பெயர் கிழித்துக் கொடுத்த தாளுக்கே போய்ச் சேர்ந்தது. எக்ஸ்செக்கரின் சாயல் பட்டு அதன் எழுத்துக்கூட்டலும் இங்கிலாந்தில் மாறியது. இது தெரிந்த நாளிலிருந்து, அடிக்கட்டையை நிரப்பாமல் காசோலையைக் கிழிப்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் கேட்பதில்லை. “மொதல்ல கட்டையில எழுதுங்க” என்று எத்தனையோ பேரிடம் கவுன்ட்டரில் சொல்லியிருக்கிறேன்.

கட்டம் போட்ட துணிக்கும் ‘செக்’ என்ற பெயர் அதே பலகையிலிருந்துதான். இதில் நமக்கும் பங்கு உண்டு. நம் நெசவாளர்கள் கைத்தறியில் நெய்து இங்கிருந்து கப்பலேறிய பருத்தித் துணிதான் உலகெங்கும் ‘மெட்ராஸ் செக்’. ஆங்கில அகராதியில் ‘மெட்ராஸ்’ என்பதே ஒரு துணியின் பெயராக ஏறியிருக்கிறது. ஹோட்டல் பில், சாமான் ஒப்படைத்ததற்கு வாங்கும் சீட்டு என அமெரிக்காவில் இன்னும் சில கிளைகள் உண்டு. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆங்கிலம் இத்தனையையும் ஒரே சொல்லில் மூட்டை கட்டி வைத்திருக்கிறது. தமிழ் அந்த மூட்டையை எப்போதோ பிரித்து அடுக்கிவிட்டது. ஓடைக்குத் தடுப்பணை. சாலைக்குச் சோதனைச்சாவடி. துணிக்கும் சதுரங்கத்துக்கும் ஜாதகத்துக்கும் கட்டம். வங்கிக்குக் காசோலை. காசோலை என்ற சொல்லை ஆக்கியவர் யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆங்கிலச் சொல்லின் அடிக்கட்டையை அவர் தேடிப் போகவில்லை, அந்தத் தாள் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார். எழுத்து மூலம் ஆணை போவதற்கு நம்மிடம் ஓலை இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் அரசன் ஆணையை எழுதுகிற அதிகாரி ‘திருமந்திர ஓலை’. அந்த ஓலையோடு காசைச் சேர்த்தார், முடிந்தது. டிமாண்ட் டிராஃப்டுக்குக் கேட்பு வரைவோலை என்ற பெயரும் அதே வழியில் வந்தது.

இப்படிப்பட்ட மொழியில் ‘பெட்டியைச் சரிபார்க்கவும்’ என்று அச்சடிப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. படிவங்களிலும் கைபேசிச் செயலிகளிலும் இந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மொழிபெயர்ப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஆங்கிலச் சொல்லுக்கு நேரே தமிழ்ச் சொல் தேடாமல், படிப்பவர் கை அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். பேனாவால் ஒரு குறி போட வேண்டும் என்றால் அதைச் சொல்லுங்கள். அச்சுக்குப் போகும் முன் அந்தப் படிவத்தை நிரப்பப் போகிறவர்களில் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். எங்கள் தெரு அம்மா அரை நிமிடத்தில் அந்தத் தவற்றைப் பிடித்திருப்பார்.

உங்கள் மாணவர் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ‘ஒரு சொல், பல பொருள்’ என்று எண்கள் போட்டுப் பட்டியல் தருகிறீர்கள். அந்தப் பொருள்கள் ஒன்றிலிருந்து ஒன்று எப்படிக் கிளைத்தன என்பதையும் இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். செஸ் பலகையை வைத்து நான் சொல்லிக் கொடுத்த பிறகு, எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்திக்கு இந்தச் சொல்லின் பொருள்கள் எதுவும் மறக்கவில்லை.

அந்த அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அடுத்த முறை படிவம் அச்சிடும்போது, “மேலே சொன்னவை உண்மை என்றால் இந்தக் கட்டத்தில் டிக் போடவும்” என்று மாற்றும்படி கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் உங்களுக்கும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
திண்டுக்கல்.