தேஜஸை விற்க யாருடைய இசைவு வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் நாட்டின் ஆயுத ஏற்றுமதி பெருகிவருவதைப் பாராட்டித் தங்கள் இதழில் அண்மையில் வெளியான தலையங்கத்தைப் படித்தேன். தரமும் விலையும் சரியாக இருந்தால் தேஜஸ் போர் விமானத்துக்கும் பிரமோஸ் ஏவுகணைக்கும் வெளிநாட்டுச் சந்தை தானாகவே அமைந்துவிடும் என்ற தொனியில் அது எழுதப்பட்டிருந்தது. அதை என்னால் ஏற்க இயலவில்லை. ஒரு போர் விமானத்தில் எந்தெந்த நாடுகளின் பாகங்கள் பொருத்தப்பட்டுள்ளனவோ, அந்த நாடுகளின் நட்பும் பகையும் விற்பனையை முடிவுசெய்கின்றன. விற்பவரும் வாங்குபவரும் மட்டும் பேசி முடித்துவிடக்கூடிய வணிகம் அன்று இது.

அர்ஜென்டினாவின் அனுபவத்தைப் பாருங்கள். 1982-இல் பிரிட்டனுடன் நடந்த ஃபாக்லாந்து தீவுப் போருக்குப் பிறகு, தன் நாட்டில் தயாரான இராணுவ உதிரிபாகங்கள் எவ்வழியிலும் அந்நாட்டைச் சென்றடையாதபடி பிரிட்டன் பார்த்துக்கொள்கிறது. 2020-இல் தென்கொரியாவின் எஃப்ஏ-50 விமானத்தை வாங்க அர்ஜென்டினா முயன்றபோது, அதில் ஆறு பிரிட்டிஷ் பாகங்கள் இருந்த ஒரே காரணத்தால் அந்த முயற்சி கைவிடப்பட்டது. தென்கொரியாவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையே எந்தப் பிணக்கும் இல்லை என்பது அங்கே எடுபடவில்லை. பின்னர் நம் தேஜஸும் அந்நாட்டின் பரிசீலனைக்கு வந்தது. ஆனால் ஆபத்து நேரத்தில் விமானி வெளியேற உதவும் இருக்கையை தேஜஸுக்கு வழங்குவது பிரிட்டனின் மார்ட்டின்-பேக்கர் நிறுவனம். இறுதியில், அமெரிக்கச் சார்பை வெளிப்படையாக அறிவித்த அர்ஜென்டினா அதிபர் ஹாவியர் மிலேயின் அரசு, 2024 ஏப்ரலில் டென்மார்க்கிடமிருந்து அமெரிக்கத் தயாரிப்பான 24 பழைய எஃப்-16 விமானங்களை வாங்க ஒப்பந்தம் செய்தது. விற்றது டென்மார்க் என்றாலும் அனுமதி தந்தது வாஷிங்டன். சீனாவும் பாகிஸ்தானும் கூட்டாகத் தயாரிக்கும் ஜேஎஃப்-17 அந்த இடத்தைப் பிடித்துவிடக் கூடாது என்ற அமெரிக்க அக்கறைக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

தலையங்கம் பெருமையுடன் குறிப்பிட்ட பிரமோஸ் விற்பனையும் இதே கதையின் மறுபக்கந்தான். 1998-இல் இந்தியாவும் ரஷ்யாவும் இணைந்து தொடங்கிய பிரமோஸ் நிறுவனத்தில் ரஷ்யாவின் பங்கு 49.5 விழுக்காடு, ஆகவே மாஸ்கோவின் சம்மதமின்றி ஓர் ஏவுகணையைக்கூட வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. 2022 ஜனவரியில் சுமார் 37.5 கோடி டாலர் மதிப்பில் அதை வாங்க ஒப்பமிட்ட பிலிப்பைன்ஸோ, 1951 முதல் அமெரிக்காவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை கொண்ட நாடு. தென்சீனக் கடலில் சீனாவை எதிர்கொள்வதற்காக அது வாங்கிய ஆயுதத்துக்கு, சீனாவின் நெருங்கிய நண்பரான ரஷ்யா சம்மதித்தது. ரஷ்ய ஆயுதங்களை வாங்குவோர் மீது தடை விதிக்கச் சட்டம் வைத்திருக்கும் அமெரிக்காவும் குறுக்கே நிற்கவில்லை. அதே பிலிப்பைன்ஸ், ரஷ்யாவிடமிருந்து நேரடியாக வாங்கவிருந்த 16 எம்ஐ-17 ஹெலிகாப்டர்களை, அமெரிக்கத் தடைக்கு அஞ்சி அதே ஆண்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஏவுகணையின் தரம் நமக்கு உதவியது உண்மை. ஆனால் பெய்ஜிங்கைக் கட்டுப்படுத்துவதில் வாஷிங்டனுக்கு இருந்த ஆர்வமும் சேர்ந்தே உதவியது என்பதைச் சொல்லாமல் விடுவது முழுமையான கணக்காகாது.

அந்தத் தடைச் சட்டம் எல்லோர் மீதும் ஒரே மாதிரி பாய்வதும் இல்லை. எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணைகளை ரஷ்யாவிடமிருந்து வாங்கியதற்காக, அமெரிக்கா தலைமையிலான நேட்டோ இராணுவக் கூட்டணியின் உறுப்பினரும் அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத்தின் பாகங்களைத் தயாரித்துவந்த கூட்டாளியுமான துருக்கி 2019-இல் அத்திட்டத்திலிருந்தே வெளியேற்றப்பட்டது. மறு ஆண்டு தடையும் வந்தது. அதே எஸ்-400 கருவிகளுக்கு 2018-இல் ஒப்பமிட்ட இந்தியா மீது அச்சட்டத்தின்கீழ் தடை விதிக்கப்படவில்லை. இந்தச் சலுகையை நம் இராஜதந்திரத்தின் வெற்றியாகச் சிலர் கொண்டாடுகின்றனர். அமெரிக்காவுக்கு இந்தியா தேவைப்படும் காலம் வரை நீடிக்கும் சலுகை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தேஜஸின் உண்மையான சிக்கல் இருக்கையைவிட எஞ்சினில்தான் இருக்கிறது. 1980களின் இறுதியில் தொடங்கப்பட்ட காவேரி எஞ்சின் தேவையான உந்துவிசையை எட்டாததால், 2008-இல் அது தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இன்றுவரை தேஜஸ் பறப்பது அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எஃப்-404 எஞ்சினில். அடுத்து வரவிருக்கும் தேஜஸ் மார்க்-2 விமானத்துக்கும் அதே நிறுவனத்தின் எஃப்-414 தான். அந்த எஞ்சினை இந்தியாவிலேயே தயாரிக்க 2023-இல் புரிந்துணர்வு ஏற்பட்டது மகிழ்ச்சியான செய்தியே. ஆயினும் இங்கே தயாரானாலும், அதைப் பொருத்திய விமானத்தை மூன்றாம் நாட்டுக்கு விற்க அமெரிக்க அரசின் இசைவு தேவைப்படும்.

எனவே, இன்ன நாட்டுடன் போர் விமான ஏற்றுமதிப் பேச்சு நடைபெறுகிறது என்று இனிச் செய்தி வெளியிடும்போது, எத்தனை விமானங்கள், எத்தனை கோடி என்பதோடு, எந்தெந்த நாடுகளின் அனுமதி அதற்குத் தேவை, அது கிடைத்துவிட்டதா என்பதையும் சேர்த்து எழுதுமாறு தங்கள் இதழைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்.