குப்பை மெயிலும் உன் தீபாவளி ஆஃபரும்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்புள்ள மச்சானுக்கு,

உன் நீளமான மெயில் வந்து சேர்ந்தது. நேராக இன்பாக்சுக்கு வரவில்லை, ஸ்பேம் பெட்டியில் கிடந்தது. கிள்ளானில் உட்கார்ந்துகொண்டு குப்பை மெயில் தொல்லையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அந்த மெயிலையே கூகுள் குப்பை என்று ஒதுக்கிவிட்டது. படித்துவிட்டுச் சிரித்தேன், கோபப்படாதே. காரணத்தைக் கீழே சொல்கிறேன், உன் புதுப் பலகாரக் கடைக்கு அது முக்கியம்.

இங்கே எல்லாரும் நலம். மாமியாருக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. சாயங்காலமானால் மழை பிடித்துக்கொள்கிறது. நாம் சைக்கிளில் சுற்றிய பால்மரக் காடெல்லாம் செம்பனையாகிப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது அந்தச் செம்பனைக்கும் வயதாகி, மறுநடவுக்காகச் சாய்த்துக்கொண்டிருக்கிறார்கள். லயன் வீடுகள் இருந்த இடத்தில் புல்தான். எனக்கு அது வியாபாரம், என் கடையில் புல்வெட்டி மெசின் நன்றாகப் போகிறது. சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். குப்பை மெயிலைப் பிரித்து ஒதுக்கும் பில்டரை நன்றாக இறுக்கிவிடு என்று உன் மகன் சொன்னானாம். வேண்டாம். போன வருடம் ஒரு தோட்ட ஆபீசிலிருந்து எனக்கு ஆர்டர் வந்தது: குலை வெட்டும் அரிவாள், அலுமினியக் கம்பம், மெசினுக்கு நைலான் கயிறு. அங்கே இருக்கும் கிராணி, அதாவது எழுத்தர், வேலைக்குப் புதுசு. ஸ்கேன் செய்த தாளை மட்டும் இணைத்து, உள்ளே ஒரு வரிகூட எழுதாமல், தலைப்பில் ‘அவசரம்’ என்று மட்டும் போட்டு அனுப்பியிருந்தார். இயந்திரத்தின் கண்ணுக்கு அது அசல் குப்பை. "என்ன அண்ணே, சாமான் எப்போ வரும்?" என்று அவர் போன் செய்த பிறகுதான் ஸ்பேம் பெட்டியில் தேடி எடுத்தோம். பத்துக் குப்பை உள்ளே வந்தால் பத்து தடவை அழிக்கலாம். ஒரு ஆர்டர் வெளியே போனால் அந்தத் தோட்டமே கையை விட்டுப் போய்விடும். பெரிய கம்பெனிக்குக் கவலையில்லை. நம்மைப் போன்ற கடைக்கு அதுதான் உண்மையான நஷ்டம்.

பில்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் நீயே ஒத்துக்கொள்வாய். எந்தச் சொல் குப்பையில் அதிகம் வருகிறது, எந்தச் சொல் நல்ல கடிதத்தில் அதிகம் வருகிறது என்று எண்ணி, சாத்தியத்தைக் கணக்குப் போடுவதுதான் அதன் அடிப்படை. தாமஸ் பேய்ஸ் என்ற 18ஆம் நூற்றாண்டுப் பாதிரியாரின் கணக்கு அது. 2002-இல் பால் கிரஹாம் என்ற நிரலாளர் ஒரு கட்டுரையில் விளக்கி எழுதிய பிறகு ஸ்பேம் பிடிக்க அது பரவலானது. இப்போது இன்னும் எத்தனையோ சங்கதிகளைப் பார்க்கிறார்கள், ஆனாலும் நீ கற்றுக்கொடுத்தால்தான் உன் கடையை அது தெரிந்துகொள்ளும். எல்லாரும் ‘இது குப்பை’ பட்டனை மட்டும் அழுத்துகிறார்கள். ‘இது குப்பையில்லை’ என்பதும் அதே அளவுக்கு முக்கியம். என் கடையில் கணக்குப் பார்க்கும் பெண் காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலையாக ஸ்பேம் பெட்டியைத்தான் மேலோட்டமாகப் பார்ப்பாள். ஜிமெயிலில் 30 நாளைக்குப் பிறகு அது தானாக அழிந்துவிடும், அப்புறம் தேடியும் பயனில்லை.

குப்பையைக் குறைக்க வேண்டுமானால் முகவரி வெளியே போகும் வழியைப் பார். உன் வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்திலேயே, அடியில், கொட்டை எழுத்தில் மெயில் முகவரி. ‘அட்’ (@) குறி எங்கெல்லாம் இருக்கிறது என்று இராப்பகலாகத் தேடி அள்ளிக்கொண்டு போகும் ரோபோ நிரல்கள் இருக்கின்றன. நீ கூப்பிட்டு விருந்து வைத்திருக்கிறாய். எடுத்துவிடு. அதற்குப் பதில் ஒரு படிவம் வை. படிவத்தையும் ரோபோ நிரப்பும் என்பாய். நிரப்பும். அதற்கு என் தங்கை மகன் செய்துகொடுத்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது: பெயர், போன், செய்தி என்ற கட்டங்களோடு இன்னொரு கட்டத்தையும் வைத்து, அதை மனிதக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டான். வாடிக்கையாளர் அதைப் பார்க்கவே மாட்டார், காலியாக விடுவார். ரோபோ பக்கத்தின் நிரலைப் படிப்பதால் அதையும் மெனக்கெட்டு நிரப்பிவிடும். அந்தக் கட்டத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அந்தச் செய்தி எனக்கு வராது. எல்லா ரோபோவும் மாட்டாது, ஆனால் பெரும்பாலானவை மாட்டுகின்றன.

அடுத்தது கேட்ச்-ஆல் என்ற அமைப்பு. வெப்சைட் வைத்துக்கொடுத்தவர் அதைத் திறந்து வைத்திருந்தால், உன் கடைப் பெயருக்கு முன்னால் என்ன உளறலைப் போட்டு அனுப்பினாலும் உன் பெட்டியில் வந்து விழும். சேல்ஸ், அட்மின், இன்ஃபோ என்று வாய்க்கு வந்த பெயரையெல்லாம் போட்டு அனுப்புவது அவர்கள் பழக்கம். அதை மூடச் சொல். என் கடையில் குப்பை பாதிக்கு மேல் குறைந்தது இந்த ஒரு வேலையால்தான்.

முகவரியைப் பிரித்தும் வை. ஆர்டருக்கு ஒன்று, சப்ளையர் பில்லுக்கு ஒன்று. கண்காட்சி, இலவசப் பட்டறை, பேரங்காடி உறுப்பினர் அட்டை இதற்கெல்லாம் கொடுக்க மூன்றாவது ஒன்று. ஜிமெயிலில் இன்னொரு வசதியும் உண்டு: உன் பெயருக்குப் பின்னால் ஒரு பிளஸ் குறி போட்டு ஏதாவது சொல்லைச் சேர்த்துக் கொடுத்தாலும் மெயில் உனக்கே வரும். நான் ஒரு கண்காட்சியில் பதியும்போது அப்படிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் கடன் கொடுக்கிறேன் என்று வந்த மெயில் அந்தப் பிளஸ் சொல்லோடு வந்து நின்றது. யார் கைமாற்றினார்கள் என்று கேட்கவே வேண்டியதில்லை.

‘இனி அனுப்பாதே’ என்ற இணைப்பை அழுத்தலாமா என்று கேட்டிருந்தாய். தெரிந்த கடை, நீயே பதிந்தது என்றால் தாராளமாக அழுத்து. முன்பின் தெரியாதவன் அனுப்பியதில் அழுத்தினால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறான் என்று நீயே சொன்னதாகிவிடும். படங்களும் அப்படித்தான், மெயிலைத் திறந்ததும் வெளியிலிருந்து இறங்கும் படம், நீ திறந்துவிட்டாய் என்று அனுப்பியவனுக்குச் சொல்லும். படம் காட்டுவதற்கு முன் கேட்கும்படி அமைப்பில் மாற்றிக்கொள்.

கடன், சூதாட்டம் எல்லாம் வெறும் எரிச்சல். நீ பயப்பட வேண்டியது வேறு ஒன்று. எனக்கு உதிரிப்பாகம் அனுப்பும் சப்ளையர் பெயரில், அவர் எழுதும் அதே தோரணையில், பழைய பில் எண்ணோடு ஒரு மெயில்: ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த மாதம் முதல் புதுக் கணக்கில் போடவும்.’ கணக்குப் பார்க்கும் பெண் அனுப்பியவர் முகவரியைப் பெரிதாக்கிக் காட்டினாள். கம்பெனிப் பெயரில் ‘எம்’ எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’ ஒன்றும் ‘என்’ ஒன்றும் ஒட்டிக்கொண்டு நின்றன. ஆங்கிலச் சின்ன எழுத்தில் இரண்டும் சேர்ந்தால் ‘எம்’ மாதிரியே தெரியும். இந்த மாதிரி மெயிலை எந்தப் பில்டரும் நிச்சயமாகப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் உள்ளே குப்பைச் சொல்லே கிடையாது. எங்கள் கடையில் வழக்கம் இதுதான்: கணக்கு எண் மாறினால், மெயிலில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, பழைய பில்லில் உள்ள நம்பருக்கு அழைத்துக் குரலைக் கேட்ட பிறகுதான் பணம் போகும். தப்பித் தவறிப் போட்டுவிட்டால் வங்கிக்கும், 997-க்கும் உடனே போன் அடி. 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. தாமதித்தால் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும்.

இனி உன் தீபாவளி ஆஃபர். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை விலைப் பட்டியலை ‘கையில் கிடைத்த 400 முகவரிக்கும்’ அனுப்பப் போகிறேன் என்று அதே மெயிலின் கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறாய். மேலே இரண்டு பக்கம் யாரைத் திட்டினாய் என்று நினைத்துப் பார், மச்சான். 1978 மே 3-ஆம் தேதி கேரி துர்க் என்பவர் அமெரிக்காவில் தன் கம்பெனியின் கணினிகளை விற்க, இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். முதல் ஸ்பேம் என்று இன்றுவரை அதைத்தான் காட்டுகிறார்கள். எண்ணிக்கைகூட உனக்குப் பொருந்தி வருகிறது பார்.

நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 43-ஆவது பிரிவின்படி, எனக்கு விளம்பரம் அனுப்பாதே என்று ஒருவர் எழுதிக் கேட்டால் நிறுத்தியாக வேண்டும். ஆணையர் உத்தரவிட்டும் நிறுத்தாவிட்டால் 200,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உன் பலகாரக் கடைக்கு அந்த அளவுக்குப் போகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மெயில் கிடைத்தவன் ‘இது குப்பை’ என்று அழுத்துவான், அந்தப் புகார் கூகுளுக்குப் போகும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் கெடுபிடியாகிவிட்டன. ஜிமெயிலுக்கு மெயில் அனுப்புகிறவர்களின் குப்பைப் புகார் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது, அதாவது ஆயிரத்துக்கு மூன்று. உன்னைப் போன்ற சின்ன ஆளுக்கும் இன்னொரு நிபந்தனை உண்டு. அனுப்பியது நீதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற இரண்டு அடையாளத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

உன் மெயில் ஸ்பேமில் விழுந்ததும் இதனால்தான். அதன் உள்விவரத்தைத் திறந்து பார்த்தேன், இரண்டும் இல்லை. எஸ்பிஎஃப் என்பது உன் கடைப் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சர்வருக்கு அனுமதி என்று நீ வெளியிடும் பட்டியல். தோட்டத்து கேட்டில் ஜாகா (காவல்காரர்) கையில் இருக்கும் பெயர்ப் பட்டியல் மாதிரி. டிகேஐஎம், ஒவ்வொரு மெயிலிலும் விழும் மின் கையெழுத்து. இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். வெப்சைட் வைத்துக்கொடுத்தவரிடம் இந்த மூன்று பெயரையும் சொன்னாலே போதும், அவருக்குப் புரியும். இது இல்லாவிட்டால் உன் பெயரைப் போட்டு எவனும் உன் வாடிக்கையாளருக்கு எழுதலாம், நீ எழுதுவது மட்டும் போய்ச் சேராது.

ஆஃபரை அனுப்பு, வேண்டாம் என்று சொல்லவில்லை. போன தீபாவளிக்கு உன்னிடம் வாங்கியவர்களுக்கு மட்டும் அனுப்பு. எல்லார் முகவரியையும் மேலே வரிசையாகப் போட்டுவிடாதே, அவர்கள் ஒருவர் முகவரியை ஒருவர் பார்ப்பார்கள். அதற்கென்று இருக்கும் சேவை வழியாக அனுப்பு, நிறுத்தும் இணைப்போடு. இல்லையென்றால் வாட்சாப் பிராட்காஸ்ட் பட்டியல் போதும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உன் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போகும் என்பதால் வேண்டாதவன் கண்ணில் படவே படாது.

உன் டொமைனை, அதாவது வெப்சைட் பெயரை, எந்தக் கம்பெனியில் பதிந்தாய் என்று மட்டும் எழுது. தங்கை மகன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவான், கேட்ச்-ஆலையும் மற்றதையும் போனிலேயே உன் மகனுக்குச் சொல்லிக்கொடுப்பான். எனக்கு அதிரசம் இரண்டு கிலோ எடுத்து வை; காசு உன் பழைய கணக்கில்தான் போடுவேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்