மேகத்தின் மேல் ஒரு தாடிக்காரர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக சமயங்களைப் பற்றி நீங்கள் வெளியிட்டு வரும் தொடரில் சென்ற இதழில் யூத மதத்தின் முறை வந்தது. ஆவலாகப் பிரித்தேன். இரண்டாவது பத்தியிலேயே, "யூதர்களின் கடவுள் கோபக்காரர், அவர் இருக்கிறாரா என்று கேட்பதே அங்கே பாவம்" என்று ஒரு வரி. கூடவே அரைப் பக்கத்துக்கு ஒரு படம். மேகத்தின் மேல் வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், கையில் மின்னல்.

கடவுளுக்கு உருவம் செய்யாதே என்று பத்துக் கட்டளைகளிலேயே எழுதி வைத்திருக்கும் மதத்தைப் பற்றிய கட்டுரைக்கு இதைவிடப் பொருத்தமான படம் உங்கள் ஓவியருக்குக் கிடைத்திருக்காதுதான். தாங்கள் அறியாததா? 12ஆம் நூற்றாண்டில் கோர்தோபாவில் பிறந்து, எகிப்தில் வைத்தியம் பார்த்த யூத அறிஞர் மைமோனிடஸ், கடவுளுக்கு உடல் உண்டு என்பவனை மத விரோதிகளின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார். கடவுளைப் பற்றி 'இப்படிப்பட்டவர்' என்று சொல்லவே அவருக்குத் தயக்கம். இப்படியல்ல, இப்படியல்ல என்று கழித்துக்கொண்டே போவதுதான் சரி என்பார். கடவுள் ஒருவர் என்பதில் வரும் 'ஒன்று'கூட நாம் மாம்பழம் எண்ணுகிற ஒன்று இல்லையாம். துண்டு போட முடியாத, இன்னொன்றைப் பக்கத்தில் வைத்து இரண்டாக்க முடியாத ஒன்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்கே மறுப்பு வந்தது. தெற்குப் பிரான்சில் இருந்த ரபி, அதாவது யூத மதகுரு, ஆபிரகாம் பென் டேவிட், "இவரைவிடப் பெரியவர்களே அப்படி நினைத்திருக்கிறார்கள், அவர்களை எப்படி விரோதி என்பது?" என்ற பொருளில் கேட்டு எழுதினார். உருவத்துக்கு அவர் வக்காலத்து வாங்கவில்லை. அப்படி நினைத்தவனைத் தள்ளி வைப்பதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. மைமோனிடஸின் சட்ட நூலை அச்சிடும்போது அந்த மறுப்பையும் அதே பக்கத்தில் போட்டு அச்சிடுவது இன்றுவரை வழக்கம்.

உங்கள் பத்திரிகையில் என் கடிதங்களுக்கு நேர்ந்த கதியை நினைத்துக்கொண்டேன். மூன்று வருடங்களுக்கு முன் 'யெகோவா' என்ற சொல்லைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். நான்கு மெய்யெழுத்துகளால் ஆன அந்தப் பெயரை யூதர்கள் உச்சரிப்பதே இல்லை. அது வருகிற இடத்தில் 'அதோனாய்', அதாவது ஆண்டவர், என்று வாசிப்பார்கள். சாதாரணப் பேச்சில் 'ஹஷேம்', அந்தப் பெயர், என்பார்கள். அதோனாயின் உயிர்க்குறிகளை அந்த நான்கு மெய்களோடு சேர்த்து மற்றவர்கள் வாசித்ததில் பிறந்ததுதான் யெகோவா. இவ்வளவும் எழுதியதில் நீங்கள் வெளியிட்டது மூன்றே சொல்: "யெகோவா கட்டுரை அருமை." பொள்ளாச்சி என்ற ஊரையும் பல்லடம் ஆக்கிவிட்டீர்கள். போகட்டும்.

நான் வெறும் புத்தகத்தை வைத்துக்கொண்டு பேசவில்லை. 1980களில் ஏழு வருடம் கொச்சி மட்டாஞ்சேரியில், ஜூ டவுன் தெருவில், ஒரு மிளகு மண்டியில் கணக்கு எழுதினேன். தெருக்கோடியில் 1568இல் கட்டிய பரதேசி யூதப்பள்ளி. நம் கோயில் மாதிரியே செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சீனாவிலிருந்து வந்த நீலப் பூ ஓடுகள் காலுக்குச் சில்லென்று இருக்கும். பேழைக்குள் தோலில் எழுதிய தோரா, அதாவது யூத வேதச் சுருள்கள். சாமி படம் என்று ஒரு துணுக்குக்கூட கிடையாது.

எங்கள் மண்டிக்கு எதிர்வீட்டில் ஒரு பெரியவர். எல்லோருக்கும் அங்கிள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி வாசலில் நின்று ஆள் எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை. எபிரேயத்தில் ஏதோ முணுமுணுத்து ஆளுக்கொரு சொல்லாகக் கை காட்டிக்கொண்டே போனார். மனிதர்களை எண்ணிக்கை போட்டு எண்ணக்கூடாதாம்; பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தைச் சொல்லி எண்ணுவார்களாம். நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று ஆரம்பிக்கும் என் தாத்தா ஞாபகம் வந்தது. அன்றைக்கு வசனத்தில் ஒரு சொல் மிச்சம் இருக்கும்போதே ஆள் தீர்ந்துவிட்டது. பத்து யூத ஆண்கள் சேராமல் அங்கே முழு வழிபாடு கிடையாது. பெரும்பாலான குடும்பங்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்ட ஊரில் பத்தாவது ஆளுக்கு எப்போதும் திண்டாட்டம்தான்.

"நான் வேண்டுமானால் வந்து நிற்கட்டுமா அங்கிள்?" என்றேன், பெரிய கெட்டிக்காரன் மாதிரி.

சிரித்தார். "உனக்கு தெய்வ நம்பிக்கை உண்டோ?"

"உண்டு."

ஜன்னலோரம் நின்ற ஒருவரைக் காட்டினார். "அவனுக்கு இல்லை. முப்பது வருஷமாக என்னிடம் அதைத்தான் வாதாடுகிறான். ஆனால் அவன் கணக்கில் உண்டு, மோனே. நீ கணக்கில் இல்லை."

பொழுது சாய்வதற்குள் எர்ணாகுளத்திலிருந்து படகில் பத்தாவது ஆள் வந்து சேர்ந்தார். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கி ஆண்டவர் ஒருவரே என்று முடியும் 'ஷெமா' வசனம் வந்தபோது எல்லோரும் வலது கையால் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஜன்னலோரத்துக்காரரும் மூடிக்கொண்டார்.

பிற்பாடு ஒரு நாள் அங்கிளிடம் நேராகவே கேட்டேன், கடவுள் இருக்கிறார் என்று எப்படி நிரூபிப்பீர்கள் என்று. பாவம் செய்யாதே என்று விரட்டவில்லை. "பத்துக் கட்டளை எப்படி ஆரம்பிக்கிறது, பார். வானத்தையும் பூமியையும் படைத்தவன் நான் என்றா? உன்னை எகிப்திலிருந்து கூட்டி வந்தவன் நான் என்றுதானே?" என்றார். படைத்ததை யார் பார்த்தது, அடிமைத்தனத்திலிருந்து நடந்து வந்தது எங்கள் பாட்டன்கள் என்பது அவர் வாதம். இது யெஹூதா ஹலேவி என்ற கவிஞர் 12ஆம் நூற்றாண்டிலேயே வைத்த வாதம் என்பது எனக்குப் பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

கேள்வி கேட்பது பாவமாம். சோதோமில் ஐம்பது நல்லவர் இருந்தால் அழிப்பாயா என்று ஆரம்பித்து, பத்து வரைக்கும் கடவுளிடமே பேரம் பேசியவர் ஆபிரகாம். ரபிகளின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூதில் ஒரு கதை: ஓர் அடுப்பின் தீட்டைப் பற்றி ரபிகளுக்குள் வழக்கு. ரபி எலியேசர் பக்கம்தான் நியாயம் என்று வானத்திலிருந்தே குரல் வருகிறது. ரபி யோசுவா எழுந்து, "தோரா வானத்தில் இல்லை" என்று சொல்லிவிடுகிறார். பெரும்பான்மை முடிவுதான் நிற்கிறது. அதற்குக் கடவுள் என்ன செய்தார்? "என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள்" என்று சிரித்தாராம். உங்கள் கோபக்காரர்!

1656இல் ஆம்ஸ்டர்டாம் யூதர்கள் பின்னாளில் கடவுளும் இயற்கையும் ஒன்றே என்று எழுதிய தத்துவஞானி ஸ்பினோசாவை, அவரது 23 வயதில், விலக்கி வைத்தார்களே என்று கட்டுரையாளர் என்னை மடக்கலாம். வைத்தார்கள்தான். 1945இல் நியூயார்க்கில் கடவுளைப் புதுவிதமாக விளக்கிய ரபி மொர்தெகாய் கப்லானின் பிரார்த்தனைப் புத்தகத்தைக் கொளுத்தவும் செய்தார்கள். அதெல்லாம் சண்டை இல்லாத வீடு என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் ஐன்ஸ்டீனிடம் கடவுளை நம்புகிறீர்களா என்று 1929இல் தந்தியடித்துக் கேட்டவர் ஒரு ரபி. ஸ்பினோசாவின் கடவுளை நம்புகிறேன் என்று பதில் வந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு மின்னலைப் பிடித்துக்கொண்டால் எப்படி?

அப்புறம் இன்னொன்று. ஆபிரகாம் தன் தகப்பன் கடையில் இருந்த சிலைகளை உடைத்த கதை "பைபிளில் வருகிறது" என்று எழுதியிருக்கிறார். ஆதியாகமத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். வேதத்துக்கு ரபிகள் எழுதிய விளக்கக் கதைகளான மித்ராஷில் இருக்கிறது. சிலைகளை உடைத்த செய்தி குர்ஆனிலும் இருக்கிறது. பைபிளில் இல்லை. சந்தா தொகையை ஏற்றிய கையோடு மெய்ப்பு பார்க்க ஒரு ஆளையும் போட்டிருக்கலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மறுப்பை அதே பக்கத்தில் அச்சிடும் பழக்கம் தங்களுக்கு இல்லை என்பது தெரியும். அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில், அந்தப் படம் தவறு என்று இரண்டு வரி போட்டால் போதும். அதோடு பிப்ரவரி இதழ் எனக்கு வந்து சேரவில்லை. பல்லடத்துக்குப் போயிருக்கிறதா என்று பார்த்து அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
22 வருட சந்தாதாரர்,
பொள்ளாச்சி.